அத்தையின் எம்.எல்.ஏ.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். காரைக்கால் என்ன பெரிய சீமையா? பெயரைச் சொன்னால் எந்தத் தொகுதி, எந்த எம்.எல்.ஏ., எந்த அத்தை என்று டீ குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். நானும் கல்யாணமாகி இங்கேதான் பக்கத்தில், தலத்தெருவில் குடியிருக்கிறேன். நாளைக்கு ஒரு சிபாரிசுக்கு அவர்களில் யாராவது ஒருவர் வாசலில் போய் நிற்க வேண்டியவள். அதனால் வயல்களுக்கு நடுவே ஒரு தெரு, தெருவுக்கு முன்னால் ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தார் ரோடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கும் ரோட்டுக்கும் நடுவே பாலம் கிடையாது. ஒரு தென்னை மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருப்பார்கள். அது உளுத்துப்போனால் இன்னொரு தென்னை மரம்.

அத்தை எனக்கு உறவு கிடையாது, நான் பிறந்த வீட்டுக்கு அடுத்த வீடு. அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் அத்தை, அவள் வீட்டுக்காரர் மாமா. குள்ளமாக இருப்பாள். குரல் மட்டும் நாலு வயல் தாண்டிக் கேட்கும். அவளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாதி சிரிப்பு வருகிறது, பாதி ஆத்திரம் வருகிறது. காரணம் ஒன்றுதான். ஒருவரைத் தன் ஆள் என்று நினைத்துவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் அவளை மாற்ற முடியாது.

மீனைச் சொல்கிறேனே. பட்டினச்சேரியிலிருந்து ஒரு அம்மாள் கூடையில் மீன் கொண்டு வருவாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து வராமலே இருந்தபோது, அத்தை வீட்டில் அத்தனை நாளும் மீன் கிடையாது. வாசலில் வேறு இரண்டு பேர் கூவிக்கொண்டு போவார்கள். மாமா பருப்புக் குழம்பைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்.

"அவ கூடைய எறக்கி வைக்கிற வாசல்ல இன்னொருத்தி கூடைய எறக்கச் சொல்லுவனா? நாளைக்கு அவ வந்தா எந்த மூஞ்ச வச்சிகிட்டுப் பேசுவேன்?" என்பாள் அத்தை.

"மீனுக்குத் தெரியுமாடி, யாரு கூடையில வந்தோம்னு?" என்பார் மாமா.

பஸ்ஸும் அப்படித்தான். வேறு பஸ் காலியாக வந்து நிற்கும். ஏற மாட்டாள். "நம்ம பஸ்ஸு வரட்டும்" என்பாள். அந்த பஸ்ஸின் டிரைவர் ஒருநாள் மழைக்கு ஸ்டாப்பு தாண்டி அவளுக்காக நிறுத்தினாராம், அதிலிருந்து அது அவள் பஸ். துணி எடுக்கக் காரைக்காலில் ஒரு பாய் கடை. பாயின் மகன்கள் எல்லாம் துபாய்க்குப் போய்விட்டதில் அவர் கடையை மூடிவிட்டார். அத்தை நேராக அவர் வீட்டுக்கே போய்விட்டாள். "பாய், நீங்க பாட்டுக்கு மூடிட்டிங்க. தீவாளிக்கு நான் எங்க எடுக்கறது?" என்று கேட்டாள். கூடப் போனவள் நான்தான். பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அல்லாவே, இதக் கேக்கவா வெயில்ல வந்தீங்க தங்கச்சி?" என்று சிரித்து, ஒரு கடைப் பெயரைச் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு பாய் சொன்ன கடைதான் கடை. மற்ற கடையின் வாசலில் நிழலுக்குக்கூட ஒதுங்க மாட்டாள்.

இந்தப் பைத்தியம் மீனோடும் துணியோடும் நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் தேர்தல் எப்போதும் கோடையில்தான் வரும். கோடையில் வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. தரை வெடித்துக் கிடக்கும், ஆடு மேயும். வேட்பாளர்கள் பட்டாளத்தோடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாய்க்காலுக்குள் இறங்கி இந்தப் பக்கம் ஏறி, கும்பிடு போட்டு, ஆரத்தித் தட்டுக்குக் குனிந்து, பாலம் கட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்தது ஒரு பள்ளம். அதற்கு எதற்குப் பாலம் என்று மனதுக்குள் தோன்றியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே பள்ளத்தில் சுழித்துக்கொண்டு தண்ணீர் கடலுக்கு ஓடும்போது அவர்கள் யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை.

ஒருவரைத் தவிர.

அவரைத்தான் எங்கள் தெருவில் ஐயா என்போம். அப்போது அவர் எங்கள் எம்.எல்.ஏ. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது. அடைமழை. அக்கரையில் ஜீப்பை நிறுத்திவிட்டு வெள்ளம் பார்க்க வந்திருந்தார். இக்கரையில் அத்தை நின்று அலறினாள். அவள் மகன், கைக்குழந்தை, வலிப்பு வந்து கண் செருகிக் கிடந்தான். தென்னை மரத்தின்மேல் தண்ணீர் புரண்டு ஓடியது. ஆண்கள் இறங்கத் தயங்கிக்கொண்டிருந்தார்கள். ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்து, ஜீப்பில் வைத்து, நேரே பெரியாஸ்பத்திரி. பிள்ளை பிழைத்தது. இப்போது திருச்சியில் வேலை பார்க்கிறான்.

நியாயமாகச் சொன்னால் அந்த மனிதரைக் கும்பிடத்தான் வேண்டும். நானும் கும்பிடுகிறேன். ஆனால் அத்தை கும்பிட்டதோடு நிற்கவில்லை. அன்றையிலிருந்து அவர் அவளுடைய எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே அவர் படமும் ஏறியது.

அவர் பாலம் கட்டினாரா என்றால், இல்லை. கேட்டால் அத்தையிடம் பதில் தயாராக இருக்கும். முதலில், "எதிர்க்கட்சியில இருந்துகிட்டு பாவம் அவரு என்னா பண்ணுவாரு?" என்பாள். பிறகு அவர் கட்சியே ஆட்சிக்கு வந்தது. "பாண்டிச்சேரிக்காரங்க காரைக்கால்னா எங்க காது குடுத்துக் கேக்குறாங்க?" என்றாள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் ஆட்சியே கவிழ்ந்துவிட்டது. "பாத்தியா, அவரு கட்டிடுவாருன்னே கவுத்துட்டானுவோ" என்றாளே பார்க்கலாம். நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கே ஞாபகம் இருக்கிறது.

அடுத்த தேர்தலில் ஐயா தோற்றுப்போனார். அத்தை இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. ஜெயித்து வந்தவர் ரோடு காண்ட்ராக்ட் எடுத்து மேலே வந்தவர், எங்கள் தெருவில் அவருக்கு டெண்டர்காரர் என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. சுற்றுவட்டாரத்தில் சந்து பொந்தெல்லாம் சிமெண்டு போட்டார். எங்கள் தெருவுக்கும் ஆள் அனுப்பினார். "அண்ணன் சொன்னாங்க. அந்த அம்மா ஒரு தடவ வூட்டுக்கு வந்து கேட்டா போதுமாம். ஆறு மாசத்துல பாலம் நிக்கும்" என்றான் வந்தவன். எங்கள் தெருவில் அத்தை போகிற பக்கம்தான் மற்றவர்களும் போவார்கள். அதனால் அவளையே கேட்டார்கள்.

அத்தை அவனுக்கு மோர் கொடுத்தாள். உட்கார வைத்தாள். "அவரு நல்லா இருக்கட்டும் தம்பி. ஆனா நான் அவரு வாசல்ல போயி நின்னா, அந்த சேதி ஐயா காதுக்குப் போவும். தோத்துப்போயி ஒக்காந்திருக்கற மனுசன் மனசு என்னா பாடுபடும், சொல்லு" என்றாள். வந்தவன் மோரைக் குடித்துவிட்டுப் போனான். பாலம் வேறு தெருவுக்குப் போயிற்று.

என் அம்மாவுக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கோபம் வந்தது. வேலியோரம் நின்று, "ஒன் நன்றிக்கடனுக்கு நாங்களும் சேந்து சேத்துல நடக்கணுமா?" என்று கேட்டே விட்டாள். சாயங்காலம் அத்தை ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அம்மா அதை ஊற்றிச் சாப்பிட்டாள். எங்கள் தெருச் சண்டைகள் அவ்வளவுதான்.

அப்புறம் தொகுதி எல்லையை மாற்றி வரைந்தார்கள். எங்கேயோ உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டவருக்கு எங்கள் வாய்க்கால் வசதியாகப் பட்டிருக்கிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு தொகுதி, இந்தப் பக்கம் ஒரு தொகுதி. ஐயா வீடும் ரோடும் அந்தப் பக்கம் நின்றன. நாங்கள் இந்தப் பக்கத்துத் தொகுதியோடு ஒட்டிக்கொண்டோம். அந்தத் தேர்தலில் ஐயா தன் பக்கத்தில் நின்று ஜெயித்தார். எங்கள் தெருவில் ஒருவருக்குக்கூட அவருக்கு ஓட்டுப் போடும் உரிமை இல்லை. ஆனாலும் அத்தை ஒரு தட்டு நிறையக் கல்கண்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தாள்.

"நம்மாளு ஜெயிச்சிட்டாருடி!"

"அத்தே, அவரு நம்ம எம்.எல்.ஏ. இல்ல. நமக்கு வேற ஆளு."

"அட போடி. கோட்ட எங்க வேணும்னாலும் போட்டுக்கட்டும். நம்மாளு இல்லாம போயிடுவாரா?"

எங்களுக்கு வந்தவர் சின்ன வயதுக்காரர். என்ஜினீயரிங் படித்தவர். தெருவில் தம்பி என்றே சொல்வோம். ஓட்டுக் கேட்டு வந்தபோது அவரும் காய்ந்த வாய்க்காலில்தான் நடந்து வந்தார். அத்தை வீட்டு வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தார். கூடத்தில் மாட்டியிருந்த ஐயா படத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டார். "எதுவா இருந்தாலும் சொல்லுங்கம்மா. வூட்டுக்கெல்லாம் வர வேணாம். ஒரு போன் போட்டா போதும்" என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாமாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. சர்க்கரை. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டும், ஒரு நாள் தவறினாலும் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோ அக்கரையில் நிற்கும். மாமாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்து, தென்னை மரத்தின்மேல் ஒவ்வொரு அடியாக வைத்துக் கடத்துவார்கள். கீழே தண்ணீர் ஓடும். மாமா கண்ணை மூடிக்கொள்வார். "காவேரிய நான் கடக்குறனா, என்னைய காவேரி கடக்குதா?" என்று அந்த நிலையிலும் கேட்பார். அத்தை பின்னாலேயே "பாத்துப்பா, பாத்துப்பா" என்று கத்திக்கொண்டு வருவாள். மழைக்காலம் வந்தால் என்ன செய்வது என்பது தெருவில் எல்லாருக்கும் தெரிந்த கேள்வி. பாலம் இனிமேல் ஊருக்கு வேண்டியது மட்டுமில்லை, மாமாவின் உயிரே அதில்தான் இருந்தது.

அத்தை ஐயாவிடம் போனாள். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டத்தில் அவளைப் பார்த்ததும் ஐயா எழுந்தே விட்டார். "வாங்கம்மா, புள்ள நல்லா இருக்கானா?" என்று கேட்டார். அவருக்கும் வயதாகிவிட்டிருந்தது. அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவர் தொகுதி நிதியில் எங்கள் கரையில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது என்று அந்த அறையில் அத்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அதை அவரே சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்போம்மா" என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அந்த மனுசன்? நீ வா அத்தே, இப்பவே தம்பி ஆபீசுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள். "பாப்போம்னுருக்காருல்ல? அவரு பாத்துகிட்டிருக்கும்போதே நான் இன்னொரு எடத்துல கை நீட்டுனா, நம்பலன்னு அர்த்தமாயிடும்டி" என்றாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

தெருவிலிருந்து இரண்டு பேர் தம்பியின் ஆபீசுக்குத் தாங்களாகவே போனார்கள். தம்பியைப் பார்க்க முடியவில்லை. வாசலில் இருந்த கையாள், "ஓங்க தெரு அவரு தெருவாச்சே. அங்கயே கேட்டு வாங்கிக்குங்க" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். மானஸ்தர்கள், திரும்பி வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் போகவில்லை.

அந்தக் கார்த்திகை மழையைக் காரைக்கால்காரர்கள் மறக்க மாட்டார்கள். மழை பிடித்த மறுநாளே தென்னை மரத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. கரண்ட் இல்லை. நான் தலத்தெருவில் என் வீட்டுக்குள் வந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தேன். அங்கே நடந்ததெல்லாம் பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். மாமாவுக்கு டயாலிசிஸ் தவறியது. முகமும் காலும் வீங்கி மூச்சு இரைத்தது. ஆம்புலன்ஸ் வந்து அக்கரையில் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. கயிறு கட்டி இறங்கிப் பார்த்தவர்களைத் தண்ணீர் இழுத்தது. தெருவில் எல்லார் போனும் அணைந்துவிட்டது. அத்தையின் சின்ன போனில் மட்டும் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. மகன் அதில்தான் திருச்சியிலிருந்து கூப்பிட்டான். "அம்மா, எம்.எல்.ஏ. தம்பி நம்பரு ஒங்கிட்டதான இருக்கு, போன் போடும்மா. படகு கொண்டாருவாங்கம்மா. ஒன் கால்ல விழுறேன்" என்று அழுதிருக்கிறான்.

அத்தை ஐயாவுக்குப் போன் போட்டாள். ஐயா எடுக்கவில்லை. உதவியாளன் எடுத்து, "ஐயா பாண்டிச்சேரில இருக்காங்க. சொல்றேம்மா" என்றான். "சொல்லிடுவாரு, ஐயாவுக்குத் தெரிஞ்சா போதும்" என்று மாமாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னாளாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஐயாவுக்கே போட்டாள். அப்புறம் அந்த போனும் அணைந்துவிட்டது.

மழை விட்ட அன்று காலையில் மாமா போய்விட்டார்.

நான் போனபோது இரண்டு கரைக்கும் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்கள் தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். இழுப்புக் குறைந்திருந்தது, ஆழம் குறையவில்லை. மகனும் அப்படித்தான் வந்து சேர்ந்தான். அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "ஐயா வரட்டும். அவரு வந்து மால போட்டாத்தான் எடுக்கணும்" என்றாள். எங்கள் ஊர்ப் பக்கம் சாவு விழுந்த வீட்டுக்கு எம்.எல்.ஏ. வருவது வழக்கம். வரும்வரை எடுக்காமல் வைத்திருப்பதும் உண்டு. வெயில் ஏறியது. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். மகன் வெளியே போய் நின்றுகொண்டான்.

தம்பி முன்னாலேயே வந்துவிட்டார். சட்டையெல்லாம் நனைந்து, மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒதுங்கி நின்றார். யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை. அவர் என்னிடம், "என்னாக்கா ஆச்சு பெரியவருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எங்கிட்ட யாருமே சொல்லலியேக்கா! மீன்பிடிப் படகு நம்ம தொகுதிக்குன்னே கொண்டாந்து நிறுத்தி வச்சிருந்தேன். ஒரு போன் போட்டிருந்தா அர மணி நேரத்துல தூக்கியிருப்பேனே."

"மெல்ல பேசுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மாமாவின் நெற்றியில் உட்கார்ந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

உச்சி சாய்ந்த பிறகு ஐயாவின் உதவியாளன் வந்தான். கையில் பெரிய மாலை. தண்ணீர் படாமல் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். அத்தை அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா வல்லியா?"

"அக்கரை வரைக்கும் வந்தாங்கம்மா. கார்லதான் இருக்காங்க. இது தம்பி தொகுதி. சாவுக்கு அவரு வந்திருக்கும்போது ஐயா எல்ல தாண்டி வந்தா, தப்பா எடுத்துப்பாங்க. அதான் மாலைய குடுத்து அனுப்பினாங்க."

அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாலையை வாங்கி, தானே மாமாவின் மேல் போட்டு, மடிந்த இடத்தை நீவிவிட்டாள். எழுந்தாள். நேராகக் கொட்டகைப் பக்கம் போய்த் தம்பியின் முன்னால் நின்றாள். பாலம் கேட்கப் போகிறாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

"நீங்கதான எங்க எம்.எல்.ஏ.?"

"ஆமாம்மா."

"தண்ணியில எறங்கித் தூக்க தெம்புள்ள ஆளு பத்தல. முன்னால ஒரு பக்கம் புடிப்பீங்களா?"

தம்பி செருப்பைக் கழற்றினார். பாடையின் முன்பக்கம் அவர் ஒரு தோள், எதிர்த் தோளுக்கு என் கூடப் பிறந்தவன். பின்னால் இரண்டு பேர். சுடுகாடு அக்கரையில்தான், கயிற்றை ஒட்டி இறங்கினார்கள். நடு வாய்க்காலில் தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்தது. பாடை நனையாமல் இருக்கக் கையை உயர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. கரையோடு நின்றுவிட்டோம். அத்தை எங்களுக்கு முன்னால் நின்றாள்.

அவர்கள் பாதி கடந்தபோது அவள் கத்தினாள். நாலு வயல் தாண்டிக் கேட்கிற அந்தக் குரலை நான் அதற்குமுன் அப்படிக் கேட்டதில்லை.

"தம்பீ! நான்தான் சொல்லல! நம்பரு எங்கிட்டதான் இருந்துச்சு! நான்தான் சொல்லல தம்பீ!"

தோளில் மாமா இருந்ததால் அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.